சூப்பர்வைசரின் அட்டைக் கதை

மாட்டுப்பட்டிப் பக்கம் நான் கொழுந்து பறிக்கும் எஸ்டேட்டுக்குக் கொஞ்ச காலம் ஒரு சூப்பர்வைசர் வந்திருந்தார். ஒல்லியான ஆள், காதை மூடிய கம்பளித் தொப்பி. தேயிலைக் காட்டில் எங்களுக்கு ஒரு கக்கூஸ் வேண்டும் என்று பேச்செடுத்தால் போதும், மூக்கைப் பொத்திக்கொண்டு கதையை ஆரம்பித்துவிடுவார். அவசரத்துக்குப் புதருக்குள் உட்கார்ந்த மேனேஜரின் பின்பக்கத்தில் அட்டை கடித்து, அவர் கால்சட்டையைக் கையில் பிடித்தபடி ஆபீஸ் வரை ஓடிய கதை. நடுநடுவே வாயாலேயே குசு விடுவார். பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மேனேஜரையே கேலி செய்கிறவர் நம்ம ஆள்தான் என்பார்கள். சிரித்து முடிக்கும்போது கேட்க வந்தது மறந்திருக்கும்.

எனக்கு அது உறுத்தியது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“அண்ணாச்சி, நாங்க கக்கூஸ் கேக்கும்போது மட்டும் ஒங்களுக்கு ஏன் இந்தக் கத ஞாபகம் வருது? மேனேஜர் சொல்லச் சொன்னாரா?”

அவர் முகம் சட்டென்று மாறியது.

“நீ வெவரமானவதான்,” என்றார். பிறகு மெதுவாக மூக்கைப் பொத்தினார்.

சிரிக்கவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் வாய் “டர்ர்ர்” என்றது. முதலில் சிரித்தது நான்தான்.

அவர் மாற்றலாகிப் போய்விட்டார். யாருடைய ஆள் என்று இன்றுவரை தெரியவில்லை. கக்கூஸும் வரவில்லை. புதருக்குள் ஒதுங்கிக் காலில் ஏறும் அட்டையைப் பிய்த்துப் போடும்போதெல்லாம் மேனேஜர் ஓடிய ஓட்டம் நினைவுக்கு வருகிறது. சிரித்துத் தொலைக்கிறேன்.