வர்ஜிலின் இடுப்புக்கு ஏற்ற உறை

வர்ஜில் டூமி ஒரு இடத்துக்கு வருகிறான் என்றால் முதலில் அவன் தொப்பை வரும், பிறகு சிரிப்பு வரும், அப்புறம் சாவகாசமாக அவன் வருவான். ஓக்லஹோமாவின் மேற்கு மூலையில் இருக்கிறது எங்கள் ஸ்டார்க்வெல். மரம் பார்க்க வேண்டுமென்றால் காலண்டரைத்தான் பார்க்க வேண்டும், அப்படி ஒரு ஊர். இங்கே பண்ணை பண்ணையாகப் போய் கேஸ் நிரப்புகிற லாரி அவனுடையது. அந்த லாரிக்கு டயர் மாட்டுகிறவன் நான். பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே நாளில் நின்றுவிட்டோம். வாத்தியார் எங்களுக்குப் பிரிவு உபசார விழா வைத்ததாகக் கேள்வி.

இடுப்பில் எப்போதும் ஒரு கைத்துப்பாக்கி வைத்திருப்பான். அவசரத்தில் பல்செட்டை மறந்து கிளம்பியிருக்கிறான், துப்பாக்கியை மறந்ததில்லை. பண்ணைப் பக்கம் விரியன் பாம்பு உண்டு, வெறி பிடித்த நரி உண்டு. ஆனால் இத்தனை வருடத்தில் அவன் சுட்டது ஒரே ஒரு பாம்பைத்தான். கிட்டே போய்ப் பார்த்தால் அது அவன் மனைவி க்ளெண்டாவின் தோட்டத்து ரப்பர்க் குழாய். அவள் அந்தக் குழாயைத் தூக்கிப் போடவில்லை. வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் ஓட்டையைக் காட்டுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையின் வாசல் கதவு வர்ஜில் பொறுப்பு. ஆராதனை நேரத்தில் எவனாவது வம்புக்கு வந்தால் பார்த்துக்கொள்ள, சட்டைக்குள் துப்பாக்கியோடு நாலைந்து பேர் இருப்போம். அதில் கதவு அவனுடையது. வருகிறவர்கள் எல்லாரும் அவன் கையைக் குலுக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவனுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பதவி அதுதான். பாடகர் குழுவில் சேர்ந்தான். ஒரே பாட்டில் பாஸ்டர் கெஞ்சிக் கூத்தாடி வெளியே அனுப்பினார். சபை நிர்வாகத்தில் டீக்கன் பொறுப்புக்கு நின்றான். இரண்டு ஓட்டு விழுந்தது. அதில் ஒன்றுகூடத் தன்னுடையது இல்லை என்று க்ளெண்டா சத்தியம் செய்கிறாள்.

எங்கள் காவல் குழுவுக்குத் தலைவி ராபர்ட்டா கெஸ்லர். ஷெரிப் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவள் முறைத்தால் பசு மாடு தானாகவே பால் கறந்து வைத்துவிடும். கோடை வந்ததும் தானியக் கிடங்குக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டுக்கு எங்களை அழைத்துப்போய் சோதிப்பாள்.

"வர்ஜில், எடு. திரும்ப உள்ள வை. ஒரு கையால. குனிஞ்சு பாக்காம."

எடுப்பதை நன்றாகத்தான் எடுத்தான். வைப்பதில்தான் வந்தது வினை. அவனுடையது பழைய தோல் உறை. பல வருட வேர்வை குடித்து, ஆறிப்போன பேன்கேக் மாதிரி தொளதொளத்துக் கிடந்தது. துப்பாக்கி வெளியே வந்ததும் உறையின் வாய் ஒட்டிக்கொண்டது. வழக்கம்போல வர்ஜில் இடது கை விரலை விட்டு வாயைப் பிளந்து பிடித்தான்.

"நிறுத்து! அந்த வெரலு உனக்கு வேணாமா?"

"பழக்கம் மேடம். எப்பவும் இப்பிடித்தான்."

"வெரலு இன்னும் இருக்குதே, அது உன் அதிர்ஷ்டம். அந்தத் தோலு மடிஞ்சு உள்ள போயி விசையில மாட்டுனா தானா வெடிக்கும்யா. எங்க? உன் தொடையில. எப்ப? ஞாயித்துக்கெழம, புள்ளைங்க ஓடியாடுற எடத்துல."

வர்ஜில் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ரெண்டு வாரம் தர்றேன். உறைய மாத்திட்டு வா. இல்லேன்னா கதவு ட்வெய்னுக்கு."

ட்வெய்ன் இன்சூரன்ஸ் விற்கிற இளவட்டம். பதினாறு பாக்கெட் வைத்த சட்டை போடுவான். பதினாறிலும் என்ன இருக்கிறதென்று அவனுக்கே தெரியாது. கதவின் மேல் அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

வர்ஜில் நேரே துப்பாக்கிச் சாமான் விற்கிற மெர்லின் கடைக்குப் போய் கெட்டி பிளாஸ்டிக்கில் வார்த்த உறை ஒன்றை வாங்கி மாட்டினான். நல்ல சாமான். துப்பாக்கியைச் செருகினால் டக்கென்று பிடித்துக்கொள்ளும். வாய் மடங்காது, வேர்வை ஏறாது, குழாயடியில் கழுவிவிடலாம். ஆனால் ஜூலை வெயிலில் குனிந்து குனிந்து கேஸ் குழாயை இழுக்கிறவனுக்கு அது வேறு மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் என் கடைக்கு வந்து சட்டையைத் தூக்கினான். மாட்டுக்குச் சூடு போட்ட மாதிரி தொப்பையில் ஒரு சிவப்புக் கோடு.

"கிள்ளுதுடா. க்ளெண்டாகூட இப்பிடிக் கிள்ளுனதில்ல."

"தொப்பையக் கொறச்சுக்கடா."

"ரெண்டு வாரந்தான் குடுத்திருக்கா. இதுக்கு ரெண்டு ஜென்மம் வேணும். அதோட சத்தம் வேற. உக்காந்தா டொக்குனு நாற்காலியில இடிக்குது. பாஸ்டர் கண்ண மூடுங்கன்னு சொல்லுற நேரத்துல யாரோ கதவத் தட்டுற மாதிரி."

அடுத்து நைலான் துணியில் ஒன்று கொண்டுவந்தான். விலை மலிவு. க்ளெண்டா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். "இதென்ன, மூக்குக்கண்ணாடி போடுற பையா?" என்றாள். அன்றைக்கே அது கடைக்குத் திரும்பிப் போய்விட்டது.

அப்புறம்தான் புதுத் தோல் உறை வந்தது. இரட்டைத் தோல், வாய் மடங்காமலிருக்க உள்ளே தகடு. தொப்பைக்கு மெத்தை மாதிரி இருந்தது. வர்ஜில் புது மாப்பிள்ளை போல அதை மாட்டிக்கொண்டு புதன்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு வந்து, க்ளெண்டா பக்கத்தில் உட்கார்ந்தான். பாஸ்டர் எல்லாரையும் மௌனமாக ஜெபிக்கச் சொன்னார். சபையில் ஊசி விழுந்தால் கேட்கும்.

கீச்.

வர்ஜில் மூச்சை இழுத்தால் கீச். விட்டால் கீச். புதுத் தோல் பெல்ட்டில் உரசுகிற சத்தம். முன் பெஞ்சில் இருந்த சிஸ்டர் ஓப்பலுக்கு எழுபது வயது. இரண்டு காலையும் தூக்கி பெஞ்சு மேல் வைத்துக்கொண்டு, "எலி! எலி!" என்று கத்தினாள். வர்ஜில் மூச்சை அடக்கி அடக்கிக் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டான். பாஸ்டர் அவசரமாக ஆமென் சொல்லி முடித்தார். பசியோடு இருந்த பாதி சபை வர்ஜிலை வாழ்த்தியது.

வெளியே ட்வெய்ன் வந்து அவன் தோளில் கை போட்டான். "எதுக்கு சார் இந்த வயசுல கஷ்டப்படுறீங்க? கதவ நாங்க பாத்துக்கறோம். நீங்க ஜம்முனு உள்ள உக்காந்து பாட்டு கேளுங்க."

ராபர்ட்டாவும் விடவில்லை. "கீச்சு சத்தம் ரெண்டு மாசத்துல நின்னுரும்யா. ஆனா நீ ஊத்துற வேர்வைக்கு இதுவும் ஒருநா பேன்கேக் ஆயிரும், பாத்துக்க."

மறுநாள் மத்தியானம் க்ளெண்டா எனக்கு போன் செய்தாள். குரலே சரியில்லை.

"அவன் ரெண்டாந்தரம் உருளைக்கெழங்கு கேக்கல."

நான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டேன். வர்ஜிலுக்கு இதயத்தில் ஆபரேஷன் நடந்த அன்றுகூட இரண்டாம் தரம் கேட்டவன் அவன். போய்ப் பார்த்தேன். சாப்பாட்டு மேஜை மேல் உறைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இது கிள்ளுது, அது கீச்சுங்குது. ட்வெய்ன் கதவுல நிப்பான்டா. நான் அவன் கையக் குலுக்கிட்டு உள்ள போவணும்."

க்ளெண்டா தன் செருப்பைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள். "இங்க பாரு. அடியில கெட்டி, உள்ள மெத்து. காலுக்கே ரெண்டையும் சேத்து வச்சுத் தைக்கிறான். உன் வயித்துக்கு ஒண்ணு இருக்காதா?"

மெர்லின் கடைக்கு ஓடினோம். தொப்பைப் பக்கம் மெல்லிய தோல், துப்பாக்கியைப் பிடிக்க வெளியே கெட்டி பிளாஸ்டிக் ஓடு. அடித் தட்டிலேயே கிடந்தது.

"ஏன்டா பாவி, மொதல்லயே சொல்லக்கூடாதா?"

"நீ கேக்கலியே," என்றான் மெர்லின். மூன்று உறை விற்ற சந்தோஷம் அவன் முகத்தில்.

சோதனை நாளன்று மண்மேட்டில் எல்லாரும் கூடினோம், க்ளெண்டாவும் வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். ட்வெய்ன் பதினாறு பாக்கெட்டோடு வந்திருந்தான். வர்ஜில் எடுத்தான். ஒரு கையால், நேரே பார்த்தபடி, திரும்ப வைத்தான். டக். ராபர்ட்டா துப்பாக்கியைக் காலி செய்யச் சொல்லி, உறையோடு வாங்கித் தலைகீழாக ஆட்டினாள். விழவில்லை. விசையை விரலால் துழாவினாள். அது பிளாஸ்டிக் ஓட்டுக்குள் பத்திரமாக ஒளிந்திருந்தது.

"ம். நல்லாருக்கு."

அத்தோடு வாயை மூடியிருந்தால் அவன் வர்ஜில் இல்லை. உறையின் வெளிப்பக்கம் ஒட்டியிருந்த பச்சைக் கம்பளித் துண்டைப் பெருமையாகக் காட்டினான்.

"இதப் பாத்தீங்களா மேடம்? நாற்காலியில இடிச்சா சத்தம் வரக்கூடாதுன்னு நானே ஒட்டுனேன்."

"எந்த நாற்காலி?"

எங்கள் ஊரில் காற்று நிற்கவே நிற்காது. அன்று நின்றது.

"அது... கோட்டு மாட்டுற எடத்துக்குப் பின்னால ஒண்ணு கெடக்கு. எப்பவாச்சும்..."

"எப்பவாச்சுமா?" என்றாள் க்ளெண்டா. "பிரசங்கம் ஆரம்பிச்சா உக்காருவான், ஆமென்னுக்கு எந்திரிப்பான். கொறட்டை, முன்னால பியானோ வாசிக்கிற எனக்கே கேக்கும்."

"நீ யாரு பக்கம்டி?"

"கதவு பக்கம்."

ட்வெய்ன் சட்டையைச் சரிசெய்துகொண்டு ஒரு எட்டு முன்னால் வந்தான். ராபர்ட்டா வர்ஜிலைப் பார்த்தாள், ட்வெய்னைப் பார்த்தாள், பிறகு அந்தப் பச்சைத் துண்டைப் பிய்த்து எறிந்தாள்.

"உறை தேறிருச்சு. கதவு வர்ஜிலுக்கு. நாற்காலிய ட்வெய்ன் எடுத்துட்டுப் போலாம்."

அந்த ஞாயிறு வர்ஜில் முழுப் பிரசங்கமும் நின்றுகொண்டே கேட்டான். பாஸ்டர் இவ்வளவு நேரம் பேசுவார் என்று இத்தனை வருடம் தனக்குத் தெரியாது என்றான். ஆனால் போகிறபோது ஒருவர் விடாமல் கையைக் குலுக்கினான். ட்வெய்ன் கையை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் குலுக்கினான்.

திங்கட்கிழமை நான் கடை திறக்கும்போதே வாசலில் நின்றான்.

"டேய், நின்னு நின்னு காலு போச்சு. நல்ல பூட்ஸா வாங்கணும். அடி தோல்ல வாங்கட்டுமா, ரப்பர்லயா?"

நான் கடையை மறுபடி இழுத்து மூடினேன்.