பேட்டரி வைக்காத இடம்

அறுபதுகளின் தொடக்கம். வாழைத்தார் ஏற்றப் பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி, திருச்சி பாலக்கரைப் பட்டறையில் பிரித்துக் கட்டக் கொடுத்தேன். அன்று என் மனைவியும் வந்து முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். அடுத்த மாதமே காய்ச்சலில் போய்விட்டாள்.

பிறகு தனியாகப் போனபோது மெக்கானிக் கேட்டார்: "பேட்டரிய உங்க பக்கத்து சீட்டுல கால் வைக்கிற இடத்துல மாட்டலாங்க. ஆனா அங்க உட்கார்றவங்க காலை நீட்ட முடியாது."

"உட்கார இனிமே யாருமில்லைங்க. மாட்டிடுங்க" என்றேன், வியாபாரம் பேசுகிற குரலில்.

அவர் கொஞ்ச நேரம் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா உட்கார்ந்த இடங்க. வெளியில ஃபுட்போர்டு மேல மாட்டிடறேன்."

வேலை முடிந்து வண்டியை ஓட்டிக்கொண்டு ஊரான லால்குடிக்குத் திரும்பும்போது, கொள்ளிடப் பாலத்தில் பக்கத்து சீட்டைப் பார்த்தேன். கால் நீட்ட அவ்வளவு இடம் இருந்தது. அதை அடைத்துவிட்டால் மறந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

வண்டி ஓடிய வரை அங்கே ஒரு தார்கூட வைத்ததில்லை.