தாளம் கேட்காத ஸ்பீக்கர்

கரியாஹாட் சந்தையை ஒட்டிய சந்தில் இருந்த அந்தக் கார் ஆடியோ கடைக்கு ராஜ்மோகன் முதல் தடவை வாடிக்கையாளராகப் போனார். இரண்டாம் தடவை சண்டைக்காரராகப் போனார். மூன்றாம் தடவை, அந்தச் சனிக்கிழமை காலையில், கடையை இழுத்து மூட வைத்துவிட்டுத்தான் மறுவேலை என்ற முடிவோடு போனார்.

"ஏங்க, அந்த மனுஷன்கிட்டக் கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்றாள் பக்கத்து ஸீட்டில் இருந்த கீதாஞ்சலி. கரக்பூர் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவள். முப்பது வருஷமாக அவருக்குப் பெண்டாட்டி.

"நான் மெதுவாத்தானே பேசறேன்!" என்று அவர் கத்திய கத்தலில், சிக்னலில் நின்றிருந்த மினிபஸ் கண்டக்டர் குனிந்து காருக்குள் பார்த்தான்.

கோபம் அவருக்கு மூக்குக்கு மேல்தான் எப்போதும். அதைத் தாங்கிக்கொண்டு கிடர்பூர் கப்பல் டாக்கே முப்பத்து நாலு வருஷம் ஓடியிருக்கிறது என்றால், அதற்குக் காரணம் அவருடைய காது. இருபத்திரண்டு வயதில் பரங்கிப்பேட்டையிலிருந்து ரயிலேறி வங்காளத்துக்கு வந்து, சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு தனியார் கம்பெனியில் கிரேன் ஃபிட்டராகச் சேர்ந்தவர். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஓடுகிற மோட்டார்மேல் வைத்து, கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். "மூணாவது பேரிங் போச்சு. ஞாயித்துக்கிழமை தாண்டாது" என்பார். தாண்டாது. வங்காளிகள் அவருக்கு 'கான்-தா' என்று பேரே வைத்துவிட்டார்கள். காதண்ணன் என்று அர்த்தம். ஃபோர்மேன் ஆனதும் அந்தக் காதால்தான்.

கம்பெனி கொடுத்த காதுமூடியை மட்டும் அவர் ஒரு நாளும் போட்டதில்லை. காதை மூடிக்கொண்டு வேலை செய்கிறவன் கண்ணைக் கட்டிக்கொண்டு சமைக்கிறவன் மாதிரி என்பார். சுத்தியல் சத்தமும் டீசல் இரைச்சலும் இரும்பின்மேல் இரும்பு விழுகிற ஓசையும் மண்டையைப் பிளக்கிற அந்த இடத்தில், அவருடைய காதுமூடி முப்பது வருஷமாக ஆணியில் தொங்கித் தூசி படிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து மற்றவர்களும் தங்களுடையதைப் பக்கத்து ஆணியில் மாட்டினார்கள்.

அப்பேர்ப்பட்ட காதுக்கு வந்த சோதனை ஸ்பீக்கரில் வந்தது. மழைக்காலத்தில் ஒரு நாள் அவர் வீடிருந்த லேக் கார்டன்ஸில் முழங்கால் தண்ணீர். வீட்டு வாசலில் நின்ற காரின் கதவுக்குள் தண்ணீர் புகுந்து, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ஊறி, அப்பளம் மாதிரி நொறுங்கிப் போயிற்று. இதில் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. ராஜ்மோகனே வருணபகவானைத் திட்டிவிட்டு விட்டுவிட்டார்.

புது ஸ்பீக்கர் வாங்கப் போனபோதுதான் ஆரம்பித்தது வினை. கடைக்காரர் தபன் பாபு, வண்டிக்கு ஏற்ற அளவில் அடக்கமான ஒன்றை எடுத்துக் காட்டினார். பெரிய காந்தம் வைத்ததுதான் வேண்டும் என்று இவர் அடம்பிடித்தார். பெரிய காந்தம் கதவுக்குள் இருந்த கண்ணாடியில் இடித்தது. ஜன்னலைப் பாதிக்குமேல் இறக்க முடியவில்லை. "கண்ணாடி இறங்கணும்னு உனக்குத் தெரியாதா? என்னய்யா கடை நடத்தற?" என்று அடுத்த வாரமே போய்க் குதித்தார். அடம்பிடித்தது யார் என்ற பேச்சே அங்கே எழவில்லை. தபன் பாபு முணுமுணுக்காமல் மாற்றிக் கொடுத்தார்.

இரண்டாவது ஜோடியில் கண்ணாடி இறங்கியது, தாளம் இல்லை. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ராஜ்மோகன் கேட்பது ஒரே ஒரு நாதஸ்வரக் கச்சேரிதான். நாதஸ்வரம் கேட்டது, தவில் கேட்டது. கூட உட்கார்ந்து தாளம் போடுகிறவனின் அந்தக் குட்டி வெண்கலச் சத்தம், 'டிங் டிங்' என்று நெற்றியில் சுண்டுகிற மாதிரி விழ வேண்டியது, சுத்தமாகக் காணோம். "எனக்குக் கேக்குதே" என்றாள் கீதாஞ்சலி. "உனக்கு என்ன தெரியும்?" என்று அவள் வாயை அடைத்தார்.

உண்மையில் அந்த மூன்று வாரமாக அவர் எரிந்துகொண்டிருந்ததற்குக் காரணம் ஸ்பீக்கர் மட்டுமில்லை. கலியன்.

கலியன் அவருடைய ஊர்ப்பக்கத்துப் பையனாக வந்தவன். இப்போது நாற்பது வயது ஆள். இவர்தான் கூட்டி வந்து வேலை வாங்கிக் கொடுத்தார். கிரேனுக்குக் கீழே நின்று சிக்னல் கொடுக்கிற வேலை. தூக்கிய சரக்கு ஆட்களின் தலைக்குமேல் திரும்புமுன் மூன்று தரம் விசில் ஊத வேண்டும் என்பது சட்டம். மூன்று வாரத்துக்கு முன் ஒரு மரப்பெட்டி ராஜ்மோகனின் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து தோளைத் தேய்த்துக்கொண்டு போயிற்று. நாலு தையல். நாலு அங்குலம் தள்ளி வந்திருந்தால் தலை.

"விசில் எங்கடா?" என்று ரத்தத்தோடு கலியனின் சட்டையைப் பிடித்தார்.

"ஊதினேண்ணே. மூணு தரம் ஊதினேண்ணே!"

"என் காதுக்கே பொய் சொல்றியா நீ? நன்றி கெட்ட நாயே!"

கிரேன் ஓட்டுகிறவர் ஏஸி போட்ட கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தார். மற்றவர்கள் டீக்குப் போயிருந்தார்கள். தூரத்தில் இருந்த ஒன்றிரண்டு பேருக்கு விசில் கேட்டிருக்கலாம். ஆனால் கான்-தாவின் காது கேட்கவில்லை என்று சொன்ன பிறகு, கேட்டது என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்? அவர் எழுதிக் கொடுத்தார்: விசில் ஊதப்படவில்லை. கலியனைச் சஸ்பெண்டு செய்தார்கள். வேலை போனால் கிடர்பூரில் கம்பெனி கொடுத்த ஒற்றை அறையும் போகும். முந்தின நாள் மாலை அவன் மனைவி நாகம்மா வீடு தேடி வந்து அழுதாள். "அவரு ஊதினாருங்கண்ணா. பொய் சொல்லத் தெரியாத ஜென்மம்ணா அது." ராஜ்மோகன் எழுந்து உள்ளே போய்விட்டார். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கடைசி விசாரணை. அதில் அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் கலியன் கதை முடிந்தது.

போகிற வழியில் ஸ்பீக்கர் கதையையும் முடித்துவிடலாம் என்றுதான் பத்து மணிக்கே கடைக்கு வந்துவிட்டார்.

தபன் பாபு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அமைதியாகக் கேட்டார். பிறகு அரையணாக் காசு அளவில் ஒரு குட்டி ஸ்பீக்கரை எடுத்துக் கௌண்டர்மேல் வைத்தார். "தாதா, இது ட்வீட்டர். கீச்சுச் சத்தத்துக்கு மட்டும்தான் இது. பெரிய ஸ்பீக்கரைக் கழட்டிட்டு இதை மட்டும் போட்டுக் காட்டறேன். உங்க தாளம் இதில் ஓடி ஒளிய முடியாது" என்று வங்காள மொழியில் சொன்னார். அங்கே 'தாதா' என்றால் அண்ணன். ராஜ்மோகனின் பென் டிரைவைச் சொருகினார்.

ராஜ்மோகன் குனிந்து காதைக் கொண்டுபோய் வைத்தார். மேலே மின்விசிறி சுற்றுவது கேட்டது. சந்தில் ஆட்டோ உறுமுவது கேட்டது.

"ஆன் பண்ணு."

"ஆன்லதான் இருக்கு தாதா."

"விளையாடறியா? சத்தம் வை!"

தபன் பாபு கூட்டினார். இன்னும் கூட்டினார். கீதாஞ்சலி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். எதிர்க்கடைப் புடவைக்காரர் எழுந்து நின்று, "கமாவ், பாபா, கமாவ்!" என்று கையை ஆட்டினார். அந்த 'குறை, குறை' என்கிற அலறல் ராஜ்மோகனுக்கு நன்றாகக் கேட்டது. குறைக்க வேண்டிய சத்தம்தான் கேட்கவில்லை.

"செத்த ஸ்பீக்கரை என் தலையில கட்டப் பாக்கறியா? எதிர்க்கடைக்காரனையும் கூட்டுச் சேத்துக்கிட்டு நாடகம் போடறியா? ஃப்ராடு!" என்று கௌண்டரில் ஓங்கி அறைந்தார். ட்வீட்டர் துள்ளிக் கீழே விழுந்தது.

தபன் பாபுவும் மனுஷன்தானே. மூன்று வாரமாகக் காத்த பொறுமை அங்கே போயிற்று. "ஆடத் தெரியாதவனுக்கு முற்றம் கோணலாம்! ஸ்பீக்கரை இனிமேல் மாத்த முடியாது தாதா. டாக்டரிடம் போங்க!" என்றார்.

அந்தப் பழமொழி நம் ஊரிலும் உண்டு. அதனால்தான் அது அப்படிச் சுட்டது. பென் டிரைவைக்கூட எடுக்காமல் ராஜ்மோகன் காருக்கு வந்துவிட்டார்.

கார் ராஸ்பிஹாரி சந்திப்பைத் தாண்டியதும் கீதாஞ்சலி ஆரம்பித்தாள்.

"அந்த ஸ்பீக்கர் காது கிழியற மாதிரி கத்துச்சு."

"நீயுமா?"

"ஆமாம், நானும்தான். குக்கர் அடிப்பிடிச்சுது, விசிலே வரலைன்னு சொல்லிப் புது வெயிட் வாங்கினீங்க. காலிங் பெல் செத்துப்போச்சுன்னு புது பெல் மாட்டினீங்க. நேத்து நாகம்மா அந்தப் புது பெல்லை எத்தனை தரம் அடிச்சா தெரியுமா? கதவுகிட்ட உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தீங்க. நான் அடுப்படியிலேருந்து வந்து தொறந்தேன்." அவள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "மாத்த வேண்டியத விட்டுட்டு மத்த எல்லாத்தையும் மாத்தியாச்சு. இப்ப அந்தக் கலியனையும் மாத்தப் போறீங்க."

"வாய மூடு!"

"மூட மாட்டேன். மூணு வருஷமா மூடினது என் தப்பு."

அவளை வண்டியிலிருந்து இறக்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது அவருக்கு. கிடர்பூர் லாரிகளும் கைவண்டிகளும் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. ஹாரனை அழுத்து அழுத்து என்று அழுத்தினார். பேரிங் சத்தம் கேட்கிறதே, இந்தக் காதா போயிற்று? பேரிங் உறுமும், தாளம் கீச்சிடும். அது வேறு, இது வேறு என்று அவருக்குள் இருந்த ஃபிட்டர் சொன்னான். அவனையும் வாயை மூடச் சொன்னார். காது போயிற்று என்று தெரிந்தால் கிரேனுக்குக் கீழே ஒரு நாள் நிற்க விடமாட்டார்கள். ரிட்டயர் ஆக இன்னும் இரண்டு வருஷம். ஸ்டோர் ரூமில் நட்டு போல்ட்டு எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கான்-தாவா? அங்கே?

விசாரணை அறையில் பர்சனல் ஆபீசர் வெங்கடசுப்ரமணியன் காகிதங்களை அடுக்கித் தயாராக வைத்திருந்தார். பியூன் ஒருவன் சுவரோரம் நின்றான். கதவருகே கலியன், சவரம் செய்யாத முகத்தோடு. மேஜைமேல், சாட்சிப் பொருளாக, ஒரு பிளாஸ்டிக் உறையில் அவனுடைய விசில்.

"வாங்க ராஜ்மோகன். இங்க ஒரு ஸைன். வெறும் ஃபார்மாலிட்டி" என்று பேனாவை நீட்டினார் வெங்கடசுப்ரமணியன்.

ராஜ்மோகன் பேனாவை வாங்கினார். காகிதத்தைப் பார்த்தார். விசில் ஊதப்படவில்லை என்று அவருடைய கையெழுத்திலேயே இருந்தது. கையெழுத்துப் போட எவ்வளவு நேரமாகும்? போட்டுவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. கலியனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் குனிந்த தலையைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் என்று அவருக்கே தெரியவில்லை.

பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்து விசிலை எடுத்துக் கலியன் கையில் திணித்தார்.

"சார், அது எவிடென்ஸ்!" என்று பதறினார் ஆபீசர்.

"அதுக்குத்தான்யா! டேய், என் பின்னால வந்து நில்லு. அன்னிக்கு நின்ன அதே தூரத்துல. நான் சுவத்தப் பாத்து நிக்கறேன். ஊது. கேட்டா கையத் தூக்கறேன். இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சுடணும்."

சுவரில் ஒரு பழைய காலண்டர் தொங்கியது. ராஜ்மோகன் அதைப் பார்த்தபடி நின்றார். தலைக்குமேல் ஏஸி உறுமிக்கொண்டிருந்தது. வெளியே ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்தது. அவர் காத்திருந்தார். காலண்டரில் ஒரு வரிசைத் தேதிகளை முழுக்கப் படித்தார். அடுத்த வரிசையையும் படித்தார்.

"ஊதுடா!" என்று கர்ஜித்தார். "என்னடா நிக்கற? ஊதித் தொலையேண்டா!"

பதில் வரவில்லை. சடாரென்று திரும்பினார்.

வெங்கடசுப்ரமணியன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளித்திருந்தார். பியூன் தோளை உயர்த்திக் கண்ணை இறுக்கி மூடியிருந்தான். வராந்தாவில் போன இரண்டு பேர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் கலியன், விசில் வாயில், கன்னம் உப்பி, கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் தண்ணீர் ஓட ஊதிக்கொண்டிருந்தான்.

ராஜ்மோகன் மேஜைக்குப் போனார். தான் எழுதியிருந்ததைப் பேனாவால் குறுக்கே கீறினார், காகிதம் கிழிந்தது. கீழே எழுதினார்: விசில் ஊதப்பட்டது. எனக்குத்தான் காது கேட்கவில்லை.

"யோசிச்சு எழுதுங்க ராஜ்மோகன்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார் ஆபீசர். "அப்புறம் உங்கள டாக்குல நிக்க விட மாட்டாங்க."

"தெரியும்யா! எனக்குத் தெரியாதா?" என்று கத்தினார். கையெழுத்துப் போட்டார். பிறகு கலியனிடம் போய், அவன் தோளில் வைக்கப் போன கையைப் பாதியில் நிறுத்தி, "டேய், தப்புடா. என் தப்பு" என்றார்.

கலியன் விசிலை வாயிலிருந்து எடுத்துச் சட்டையில் துடைத்தான். அவரிடம் சத்தமாகப் பேசி அறியாதவன், அன்றைக்குச் சத்தமாகவே பேசினான்.

"இன்னிக்கு ஊதச் சொன்ன மாதிரி அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லண்ணே? ஒரு நிமிஷ வேல. மூணு வாரமா எம்புள்ளைங்க என்னப் பொய்யன்னு பாக்குதுங்க."

விசிலை மேஜைமேல் வைத்தான். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை விலக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே போனான்.