இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தொரு குச்சிகள்

எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடை. எனக்கு எட்டு வயது. அம்மா மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்பா அவளுக்குத் துணையிருந்தார். என்னைத் தெற்கே கரிசல்காட்டில், புதூர்ப் பக்கம் மாமா வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். வந்த இடத்தில் அம்மை போட்டுவிட்டது. உள்ளறையில் வேப்பிலைப் படுக்கை. அத்தை கூழை வைத்துவிட்டுப் போய்விடுவாள். பேச்சுத் துணைக்கு ஒரு ஈ காக்கா கிடையாது.

மாமா மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்குழையால் வருடிக்கொடுப்பார். கணக்கில் பி.எஸ்சி. முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் கரிசலில் பருத்தி போட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

ஒருநாள் அவர் சொல்லாமல் கொள்ளாமல் மதுரைக்குப் போனார். "ஒரு சோலியா போயிருக்காவ" என்றாள் அத்தை. திரும்பி வந்தவர் வீட்டுக்குள்ளேயே வரவில்லை. தொழுவில் படுத்துக்கொண்டார். பகலில் ஜன்னலுக்கு வெளியே, எட்டத்தில் நின்றார். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தையிடம் ஏதோ சொன்னார். தீப்பெட்டி ஆபீசிலிருந்து வாங்கிவந்திருந்த மருந்து முக்காத குச்சிகளை அவள் மத்தியானம் முழுக்க எண்ணி, ஒரு சுளகில் கொண்டுவந்து வைத்தாள்.

"ஏட்டி, ரெண்டாயிரத்து ஐநூத்தி இருபத்தோரு குச்சி இருக்கு. ரெண்டு ரெண்டா, மூணு மூணா, எப்படி வேணா அடுக்கு. மிச்சம் விழாம அடுக்கிட்டன்னா அம்மாட்ட கூட்டிட்டுப் போறேன்" என்றார் மாமா, ஜன்னலுக்கு வெளியிலிருந்து.

இரண்டிரண்டாக அடுக்கினேன், ஒன்று மிஞ்சியது. மும்மூன்றாக அடுக்கினேன், ஒன்று. பத்துப் பத்தாக அடுக்குகிற வரைக்கும் அதே கதைதான். அந்தப் பாழாய்ப்போன ஒன்று எப்போதும் வெளியே கிடந்தது. அதைப் பார்த்தால் என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது, அழுகையாக வந்தது. பதினொன்றாக அடுக்கியபோது இரண்டு மிஞ்சின. கணக்கு தீரவில்லைதான், ஆனாலும் அதற்கு ஒரு துணை கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். பன்னிரண்டில் மறுபடி ஒன்று.

அதை ஒடித்து எறிந்துவிட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. எறிய மனசு வரவில்லை.

கடைசியில் ஆத்திரம் தாங்காமல் எல்லாவற்றையும் கலைத்துவிட்டேன். தரையெல்லாம் ஒட்டாமல் உரசாமல் சிதறிக் கிடந்தன. பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

"மாமா, ஒவ்வொண்ணையும் தனித்தனியா வச்சிட்டேன். மிச்சமே இல்ல. அம்மாட்ட எப்பக் கூட்டிட்டுப் போவிய?"

"சரிதாம்ட்டி" என்றார் மாமா. "மொதல்ல அம்மை எறங்கி ஒனக்குத் தண்ணி ஊத்தட்டும்." முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே தொழுவுப் பக்கம் போய்விட்டார். ஒரு சின்னப்பிள்ளையிடம் தோற்றுப்போன ரோஷம் என்று நினைத்தேன்.

அது பகா எண் என்பது மேல்வகுப்புக்குப் போன பிறகுதான் தெரிந்தது. எப்படிப் பிரித்தாலும் மிச்சம் விழும் என்று தெரிந்தேதான் மாமா அதைத் தேடிக் கொடுத்திருந்தார். ஒவ்வொன்றாகப் பிரிப்பேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

துட்டி வீட்டுக்கு, அதாவது சாவு விழுந்த வீட்டுக்கு, போய்வந்தவர்கள் அம்மை போட்ட பிள்ளையின் பக்கத்தில் வரக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அது எனக்கு அப்போது தெரியாது. தனக்கும் அம்மை ஒட்டிக்கொள்ளும் என்று மாமா பயப்படுகிறார் என்றே நினைத்தேன். மறுநாள் அவர் எட்டத்தில் வந்து நின்றபோது, ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு, "பயந்தாங்கொள்ளி மாமா" என்று கேலி செய்தேன்.