அக்கா உட்காராத பாய்

அக்காவின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று அவர் மகள், என் மருமகள், கேட்டு மூன்று வாரமாகிறது. எழுதினேன், கிழித்தேன், எழுந்து நடந்தேன். அக்காவைப் பற்றிச் சொல்ல நல்லது எவ்வளவோ இருக்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் மற்றதை எழுத என் கை ஓடவில்லை.

அக்கா வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தார். அம்மா போன பின், பதினேழு வயதில் கண்டியில் ஒரு புடவைக் கடைக்கு வேலைக்குப் போனார். வேலை செய்யும் பெண்கள் உட்காரக் கூடாது என்பது அந்தக் கடைச் சட்டம். அவர் நின்றதில்தான் நான் படித்தேன். பிறகு குண்டசாலையில் குடும்பமாகி, கணவரை இழந்து, மகளை ஆளாக்கியதும் அதே நின்ற கால்களில்தான். வீடு திரும்பியதும் பாயை விரித்துச் சம்மணம் போட்டுவிடுவார். "நாளெல்லாம் நின்னவளுக்குத் தரையில உக்காந்தாத்தான் உக்காந்த மாதிரி" என்பார்.

தேய்ந்துபோன வலது முழங்காலுக்குச் செயற்கை மூட்டு வைத்தார்கள். இனித் தரையில் உட்காரக் கூடாது என்றார் டொக்டர். நான் போகும்போதெல்லாம் அக்கா கதிரையில் காலைத் தொங்கப்போட்டுச் சமத்தாக உட்கார்ந்திருப்பார். அந்த மூட்டில் இரண்டு உலோகங்களுக்கு நடுவே வைக்கும் பிளாஸ்டிக்கை நீண்ட காலம் உழைக்கச் செய்வதுதான் என் ஆராய்ச்சி வேலை. இருந்தும் ஏமாந்தேன்.

சில வருடங்களிலேயே மூட்டு ஆடத் தொடங்கியது. இரண்டாவது சத்திரசிகிச்சையில் கழற்றிய பிளாஸ்டிக்கை டொக்டர் என்னிடம் தந்தார். அதன் பின்விளிம்பு பழைய செருப்பின் குதிகால் போலத் தேய்ந்திருந்தது. முழங்காலை முழுதாக மடக்கி மடக்கித் தேய்ந்த தேய்வு அது. நேரே வார்ட்டுக்குப் போனேன்.

"கீழ உக்காந்தீங்களா?"

"பிளாஸ்டிக் கோள் சொல்லிருச்சாக்கும்" என்று அக்கா சிரித்தார். பிறகு, "ஏன்டா, ஒன் மெஷின் கீழ உக்காருமா?" என்றார்.

உட்காராது. மூட்டுகளைத் தேய்த்துச் சோதிக்கும் எங்கள் ஆய்வுகூடத்து இயந்திரத்துக்கு நடக்க மட்டுமே தெரியும். கதிரையில் வாழ்கிறவர்களின் முழங்காலைத்தான் இத்தனை வருடமாகச் சோதித்திருக்கிறேன். அந்த வெட்கம் கோபமாக வெளியே வந்தது. "இதுவும் தேஞ்சா என்னைய கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். என்னை வளர்த்தவரிடம் சொன்ன சொல் அது. டொக்டர் சொல்லிக் கேட்காதவர், நான் சொல்லிக் கேட்டார். அதன் பின் அவர் தரையில் உட்காரவே இல்லை. அக்கா திருந்திவிட்டார் என்று நீங்களெல்லாம் மெச்சியபோது நான் வாயைத் திறக்கவில்லை.

இயந்திரத்தை மாற்றினேன். சம்மணம் போட்டு எழுவதுபோல மடங்கித் திரும்ப வைத்தோம். ஒரு பக்கம் அக்காவுக்கு இரண்டாம் முறை பொருத்திய வகைப் பிளாஸ்டிக். மறுபக்கம் விட்டமின் ஈ கலந்து நாங்கள் புதிதாகச் செய்தது. அக்காவுடைய வகை தாக்குப்பிடித்தால், டொக்டரிடம் கேட்டு, "உக்காருங்கக்கா" என்று சொல்லிவிடலாம். ஆனால் அது மாதக்கணக்கில் ஓட வேண்டிய சோதனை. வேகத்தைக் கூட்டக் கை பரபரத்தது. கூட்டினால் பிளாஸ்டிக் சூடாகி முடிவு பொய்யாகிவிடும். ஞாயிறுதோறும் அக்கா போனில், "மெஷின் உக்காந்து முடிஞ்சிருச்சா?" என்பார். "இன்னும் இல்லக்கா" என்பேன்.

ஒரு மாலை நெஞ்சுவலி வந்தது. கதிரையில் இருந்தபடியே போய்விட்டார்.

காரியங்கள் முடிந்த மறுநாள், கதிரைக்கு முன்னால் விரித்திருந்த பாயைச் சுருட்டப் போனேன். மருமகள் தடுத்தாள்.

"அம்மா தெனமும் விரிப்பாங்க மாமா. ஆனா உக்கார மாட்டாங்க. 'தம்பியோட மெஷின் முடிக்கட்டும்'னு சொல்லிட்டு, காலை மட்டும் அதுல வச்சுக்குவாங்க."

அக்காவைப் பார்த்த டொக்டருக்கும் தாதிமாருக்கும், முழங்கால் பயிற்சிக்கு ஆட்டோவில் ஏற்றி இறக்கிய பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், இறுதிச் சடங்குக்குக் கேட்காமலே கதிரைகள் கொண்டுவந்து இறக்கிய திகன ஊர் நண்பருக்கும், கூட நின்ற உங்கள் எல்லாருக்கும் எங்கள் நன்றி. அக்காவிடம் நான் கேட்க வேண்டியது மன்னிப்பு.

இயந்திரம் இன்னும் உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறது. அது முடியும்வரை பாயைச் சுருட்ட வேண்டாம் என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறேன்.

தம்பி