கொட்டடிக்குள் தங்கை

திருவானைக்காவலில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது, எங்கிருந்தோ பச்சைத் தென்னமட்டை வாசனை வந்தது. இப்போது வண்டிகள் நிற்கும் இந்த இடத்தில்தான், என் சின்ன வயதில், எந்நேரமும் சாணமும் ஈரமண்ணும் மணக்கும் யானைக் கொட்டடி இருந்தது.

சாமிக்கு நிழலாக வலை பின்னிய சிலந்தி, அந்த வலையைத் தினமும் கலைத்த யானையின் துதிக்கைக்குள் புகுந்து கடிக்க, இரண்டுமே செத்துப்போன தலபுராணத்தை அப்பா சொன்னதிலிருந்து என் தங்கை செல்விக்குத் தூக்கமே இல்லை. மறுநாள் மத்தியானம் அவளைக் காணாமல் அம்மாவும் நானும் தேடிக்கொண்டு போனால், கொட்டடிக்குள் யானையின் துதிக்கையை ஒட்டி நின்று, துடைப்பத்தால் சுவரில் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தாள்.

“கத்தாதீங்கம்மா, மிரண்டுடும்” என்றார் பாகன், தாழ்ந்த குரலில்.

யானை காதாட்டுவதை நிறுத்தியிருந்தது. சங்கிலி உரசுவதும் அம்மா மூச்சு வாங்குவதும் மட்டும்தான் கேட்டன. துதிக்கை செல்வியின் கழுத்துவரை வந்து, முகர்ந்து பார்த்து, மெதுவாக விலகியது. பாகன் அவளைத் தூக்கிவந்து எங்களிடம் விட்டார்.

“இனிமே சிலந்தி ஏறாதும்மா” என்றாள் செல்வி.

அம்மா அடிக்கக் கை ஓங்கினாள். பிறகு அதே கையால் செல்வியின் தலைமுடியில் ஒட்டியிருந்த ஒட்டடையை ஒவ்வொரு இழையாக எடுத்துவிட்டாள்.