மாப்பிள்ளை சைக்கிள்

ராசிபுரத்தில் பழைய இரும்பை எடைக்கு வாங்குகிறவன் நான். உலகச் சண்டைக் காலத்தில் புதுச் சைக்கிள் வரத்து நின்றதும் சைக்கிள் கடை ராசப்பன் என் கடையே கதி என்று கிடந்தான். குவியலைக் கிளறி, ஒடிந்தது வளைந்ததையெல்லாம் பொறுக்கிப் போவான். நான்கைப் பிரித்து ஒன்றாக்கி, கறுப்புப் பெயின்ட் அடித்து நல்ல விலைக்குத் தள்ளிவிடுவான். கெட்டிக்காரன்தான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் எந்தப் பிரேம் தாங்கும், எது தாங்காது என்று தெரிந்தே விற்றான்.

தாங்காததெல்லாம் கல்யாண வீடுகளுக்குப் போனது. பெண் வீட்டுச் சீராக வரும் சைக்கிளில் மாப்பிள்ளை ஏறும் முன் வேறு யாரும் ஏறக்கூடாது. மறுவீட்டு விருந்துக்குப் பெண் வீட்டுக்கு வரும்போதுதான் அவரும் முதல்முதலாக ஏறுவார். அதுவரை மஞ்சள் பூசி, பொட்டு வைத்து நிறுத்தியிருப்பார்கள். ஓட்டிப் பார்த்து வாங்க ஆளே கிடையாது. இவனுக்கு வேறென்ன வேண்டும்!

அவனுக்கென்று இருந்தது தங்கை சௌந்திரம் ஒருத்திதான். பெற்றவர்கள் போனபின் அவன்தான் வளர்த்தான். சேந்தமங்கலத்துச் சின்னுசாமிக்கு அவளைப் பேசி முடித்து, நல்ல சைக்கிள் ஒன்றைத் துணி போட்டு மூடி வைத்திருந்தான்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது நெய் வியாபாரி ஒருவர் அதற்கு இரட்டை விலை சொன்னார். அந்த மடையன் கொடுத்துவிட்டான். நேராக என் கடைக்கு வந்து, கழுத்தில் விரிசல் விட்ட பிரேம் ஒன்றை உருவினான்.

"அதை வெய்யிடா. அது ஒடச்சு உருக்கறதுக்கு."

"கொஞ்ச நாளைக்குத்தானுங்ண்ணா. அரக்கு வெச்சு அடைச்சர்றேன். மறுவீட்டுக்குள்ள நல்லதா ஒண்ணு மாத்திக் குடுத்தர்றேன்."

"உன்ற தங்கச்சிக்குடா!"

"அவளுக்காவத்தானுங்க வித்ததே. விருந்துச் செலவுக்கு எங்க போவேன்?"

நானும் காசை வாங்கிக்கொண்டுதானே கொடுத்தேன். என்னை எதால் அடிப்பது?

கல்யாணம் முடிந்தது. ராசப்பன் நாமக்கல் வரைக்கும் அலைந்தான். ஒரு நல்ல பிரேம் அகப்படவில்லை. மறுவீட்டுக்கு முதல் நாள் வந்து என் முன்னால் உட்கார்ந்தான்.

"போயி, ஏறாதீங்க மாப்ளன்னு சொல்லுடா," என்றேன்.

"சம்பந்தி ஊட்ல மானம் போயிருமுங்ண்ணா. மெல்ல மிதிச்சு வந்தா தாங்கீருமுங்க."

அவன் போகவில்லை. நானாவது போயிருக்கலாம், போகவில்லை.

மறுநாள் சின்னுசாமி சைக்கிளில் முன்னால் வந்தான், சௌந்திரம் மாட்டுவண்டியில் பின்னால் வந்தாள். ஏரிக்கரை இறக்கத்தில் பிரேமின் கழுத்து இரண்டாக விட்டுப்போனது. மதகுக் கல்லில் தலை மோதிய அந்தப் பையன் அங்கேயே போய்விட்டான். அவள் கண்ணெதிரே.

காரியம் முடிந்து, வெள்ளைச் சேலையோடு அண்ணன் வீட்டுக்கே திரும்பினாள். அவளுக்குப் போக வேறு வீடு ஏது? ஒரு நாள் அந்தப் பிரேமைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தாள்.

"எடை போடுங்ண்ணா."

தராசில் வைத்தேன். முறிந்த இடத்தில் அரக்கு இன்னும் ஒட்டியிருந்தது. அவள் அதை நகத்தால் சுரண்டி என்னைப் பார்த்தாள்.

"இது எங்கண்ணன் வெச்சதுங்களா?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. ஆமென்று தலையை ஆட்டினேன். பாவி, ஆட்டிவிட்டேன்.

அவள் அழவில்லை. பிரேமைத் தராசிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"எடைக்கு வேண்டாமுங்க. ஊட்லயே கெடக்கட்டும்."

இப்போது அது ராசப்பன் வீட்டு நடுச்சுவரில் தொங்குகிறது. அதற்கு எதிரில்தான் அவள் தினமும் அவனுக்கு இலை போடுகிறாள். அவனும் தலை நிமிராமல் தின்றுவிட்டு எழுந்திருக்கிறான்.